சமாதானத்தின் செலவை ஏற்க வேண்டியவர் யார்?

சேலம் கோட்டையிலும் சுற்றுவட்டார மஹல்லாக்களிலும் (பள்ளிவாசல் சார்ந்த குடியிருப்புகளிலும்) குடும்பத் தகராறு ஒன்று ஜமாஅத் எனும் பள்ளிவாசல் சபைக்கு வந்தால், பெரியவர்கள் முதலில் எடுத்துச் சொல்வது 'சமாதானமே மேலானது' என்னும் குர்ஆன் வசனத்தைத்தான் (4:128). கணவன் தன்னைப் புறக்கணித்துவிடுவானோ என்று அஞ்சும் மனைவியைப் பற்றிய அந்த வசனத்தைச் சொல்லியே, அடிபட்டு வந்த பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் உள்ள குடும்பங்களின் பாகப்பிரிவினையிலும், உறவு முக்கியம் என்ற பேச்சு பெரும்பாலும் சகோதரியின் பங்கைக் குறிவைத்தே எழுகிறது.

இஸ்லாமியச் சட்டமான ஷரீஅத்தில் சுல்ஹ், அதாவது சமாதானம், என்பது ஓர் ஒப்பந்தம்; இரு தரப்பும் மனம் ஒப்பினால்தான் அது செல்லும். ஹலாலை (ஆகுமானதை) ஹராமாக்குவதும் ஹராமை (விலக்கப்பட்டதை) ஹலாலாக்குவதுமான சமாதானம் கூடாது என்ற நபிமொழி அபூதாவூத், திர்மிதி ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. வாரிசுரிமையை மறைத்துப் பெறும் கையெழுத்து எந்த வகையில் சமாதானமாகும்?

சமாதானத்தின் சுமையை மார்க்கம் யார் தோளில் வைத்தது என்பதை நாம் மறந்தே போனோம். பிறருடைய சண்டையைத் தீர்ப்பதற்காக ஒரு தொகைக்குத் தாமே பொறுப்பேற்ற நபித்தோழர் கபீஸா (ரலி), அதற்கு உதவி கேட்டு நபிகள் நாயகத்திடம் (ஸல்) வந்தார். ஸதகா (தர்மப் பொருள்) வரும்வரை காத்திருக்கும்படியும், வந்ததும் அதிலிருந்து தரச் சொல்வதாகவும் நபியவர்கள் கூறினார்கள்; யாசிப்பது ஆகுமான மூவரில் இப்படிப் பொறுப்பேற்றவரையும் ஒருவராகச் சொன்னார்கள். அப்படிக் கடன்பட்டவர் வசதி படைத்தவராக இருந்தாலும் ஜகாத் எனும் கட்டாயத் தர்மத்திலிருந்து கொடுக்கலாம் என்பது ஷாஃபி மத்ஹபின் (சட்ட மரபின்) நிலை. அதாவது, நடுவில் நின்றவர் தம் கைப்பொருளையே பணயம் வைத்திருக்கிறார்.

628ஆம் ஆண்டு மக்காவுக்கு அருகிலுள்ள ஹுதைபிய்யாவில், மக்காவை ஆண்ட குறைஷியரோடு பத்தாண்டுப் போர்நிறுத்தம் எழுதப்பட்டபோது, 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லைக் குறைஷியரின் தூதர் சுஹைல் இப்னு அம்ர் மறுத்தார். அதை அழிக்க அலீ (ரலி) மனம் வராமல் நின்றபோது, நபியவர்களே தம் கையால் அழித்தார்கள். மக்காவிலிருந்து விலங்கோடு ஓடிவந்த முஸ்லிமான அபூஜந்தல் (ரலி) ஒப்பந்தப்படி மக்காவாரிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டதைச் சிலர் இன்று சுட்டிக்காட்டி, பலவீனரும் பொறுத்துத்தான் போக வேண்டும் என்கிறார்கள். அவர்கள் உம்மு குல்தூம் பின்த் உக்பாவின் (ரலி) வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உடன்படிக்கைக்குப் பின் மக்காவைவிட்டு வெளியேறி மதீனா வந்த அவரைச் சகோதரர்கள் திரும்பக் கேட்டபோது நபியவர்கள் அனுப்பவில்லை; நம்பிக்கை கொண்ட பெண்களைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்ற வசனமும் (60:10) இறங்கியது. மக்களிடையே சமாதானம் செய்ய நல்லதைச் சொல்பவர் பொய்யர் அல்லர் என்ற, நாம் அடிக்கடி கேட்கும் நபிமொழியை அறிவித்தவரும் இவரே.

தம்பதியர் பிணக்கில் அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் வேண்டும் என்கிறது குர்ஆன் (4:35). ஆகவே பள்ளிவாசல் பொறுப்பாளர்களான முத்தவல்லிகளிடமும் நிர்வாகிகளிடமும் நான் கேட்பது இதுதான்: பெண் தரப்பு நடுவர் வந்து அமரும்வரை விசாரணையைத் தொடங்காதீர்கள். அவளை நேரில் கேட்காமல் எந்த முச்சலிக்காவிலும் (எழுத்து உடன்பாட்டிலும்) கையெழுத்து வாங்காதீர்கள். பணத்தால் தீரக்கூடிய சண்டையில் ஏழைத் தரப்பை விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு முன்னால், அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்க ஜமாஅத்தில் வசதியுள்ளவர் யாராவது முன்வருகிறாரா என்று கேளுங்கள்.