6013-இல் உள்ள 60 ஆம்பியர் அல்ல

வீட்டில் வெல்டிங் பழகும் தம்பி ஒருவருக்கு, வெல்டிங் ராடின் வகை எண்ணைக் காட்டி, '6013 ராடுக்கு 60 ஆம்பியர் மின்னோட்டம், 7018-க்கு 70 ஆம்பியர், நம்பரிலேயே இருக்கிறது' என்று சொல்லியிருக்கிறார்கள். அது சரியல்ல, மன்னிக்கவும்.

அந்த 60, பற்றவைத்த உலோகத்தின் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுபடாமல் தாங்கும் அளவு: சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 பவுண்டு. 7018-இல் 70,000. அடுத்த 1, எல்லா நிலையிலும் (படுக்கையாக, செங்குத்தாக, தலைக்கு மேலே) பற்றவைக்கலாம் என்பது. கடைசி இலக்கம் ராடின் மேல்பூச்சு வகையைக் காட்டும். ஆம்பியர் இதில் எங்குமே இல்லை; அதை முதலில் தீர்மானிப்பது ராடின் தடிமன். 6013-இல் 2.5 மி.மீ. (கடையில் 12 கேஜ்) ராடுக்கு சுமார் 60–90 ஆம்பியர், 3.15 மி.மீ. (10 கேஜ்) ராடுக்கு சுமார் 90–130. மெல்லிய ராடுக்கு 60 தற்செயலாக ஒத்துப்போகும், குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ராடு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், ஒவ்வொரு அளவுக்கும் ஆம்பியர் அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் 3.15 ராடை 60 ஆம்பியரில் வைத்துப் பழைய தகட்டில் ஒரு கோடு இழுங்கள்: ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும், கோடு சரியாக வராது. 110-க்கு ஏற்றி மறுபடி இழுங்கள். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான்.