மூன்று பந்துதானே மிச்சம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நெட்ஸ் எனும் வலைப்பயிற்சியில் என் மகனுக்குத் தலையில் பந்து பட்டது. வயது பதிமூன்று. சைட் ஆர்ம் என்று நீளக் கரண்டி மாதிரி ஒன்றை வைத்து எறிவார்களே, அதில் எறிந்த பந்து, அவன் வழக்கமாக ஆடும் வேகத்தைவிட நிச்சயம் அதிகம். ஹெல்மெட்டின் பக்கவாட்டில் டொக்கென்று பட்டது, இரண்டடி தள்ளாடினான், உட்கார்ந்தான், எழுந்துகொண்டான். கோச் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். "ஒண்ணும் இல்லடா, ஹெல்மெட்லதான பட்டுச்சு, இன்னும் ஒரு ஓவர்தான், ஆடிட்டுப் போ, இல்லைன்னா பயம் உள்ளயே தங்கிடும்" என்றார். அவன் ஆடினான். நான் வலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாலை ஐந்து மணிக்கு வாந்தி எடுத்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அவன் அம்மா கேட்டதற்குப் பதில் சொல்ல ரொம்ப நேரம் யோசித்தான், அந்த நேரத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மருத்துவமனைக்கு ஓடினோம், ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கசிவு எதுவும் இல்லை, கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன், பிள்ளையை லெதர் பந்து கிரிக்கெட்டுக்கு அனுப்பும் எல்லோருக்கும் தெரியவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஹெல்மெட். "ஹெல்மெட்லதான பட்டுச்சு" என்ற அந்த வார்த்தையில்தான் தப்பு தொடங்குகிறது. ஹெல்மெட் செய்யப்பட்டது மண்டையோடு உடையாமல் இருக்கவும் முகம் பெயராமல் இருக்கவும். அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது. ஆனால் கன்கஷன் என்பது ஓட்டில் நடப்பதில்லை. நெற்றுத் தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும், ஓடு உடையவில்லை என்பதால் தண்ணீர் அசையவில்லை என்று ஆகிவிடாது. தலை சட்டென்று நின்றாலோ சுழன்றாலோ உள்ளே மூளையும் இழுபடுகிறது, நரம்பணுக்களின் வேலை கொஞ்ச காலத்துக்குக் குழம்புகிறது. சாதாரண ஸ்கேனில் இது தெரியாது. ஸ்கேன் நார்மல் என்றால் ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ தென்படவில்லை என்று பொருள், அவ்வளவுதான். மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்று நானும் நினைத்திருந்தேன், பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வருவதில்லையாம்.

"அந்தக் காலத்துல ஹெல்மெட் இல்லாமலே ஆடினாங்க" என்று சொல்பவர்களிடம் நரி கான்ட்ராக்டர் பெயரைச் சொல்லுங்கள். 1962, பார்படாஸ், இந்திய அணியின் கேப்டன், சார்லி கிரிஃபித் வீசிய பந்தில் மண்டையோடு உடைந்து உயிருக்குப் போராடினார். வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொரெல் ரத்தம் கொடுத்தார். கான்ட்ராக்டர் பிழைத்தார், ஆனால் அதன்பிறகு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை, 21 வயது பட்டோடி கேப்டன் ஆனதே அதனால்தான். 16 வருடம் கழித்து, 1978இல், அதே பிரிட்ஜ்டவுனில் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப் டெஸ்ட் போட்டியில் முதன்முதலாக ஹெல்மெட் போட்டு இறங்கினார். கூட்டம் அவரைக் கூச்சல் போட்டுக் கேலி செய்தது.

இந்திய வீரர் ராமன் லாம்பா கதை இன்னும் வலிக்கும். 1998 பிப்ரவரி, டாக்காவில் ஒரு கிளப் போட்டி, பேட்ஸ்மேனுக்கு வெகு பக்கத்தில், ஷார்ட் லெக்கில் நிற்கிறார். ஹெல்மெட் கொண்டுவரச் சொல்லவா என்று கேப்டன் கேட்கிறார். ஓவரில் மூன்று பந்துதானே மிச்சம், வேண்டாம் என்கிறார் லாம்பா. அடுத்து பேட்ஸ்மேன் ஓங்கி அடித்த பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்து விக்கெட் கீப்பர் கைக்கே போனது. மூன்றாம் நாள் இறந்துபோனார். "மூன்று பந்துதானே", "இன்னும் ஒரு ஓவர்தானே", இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், தூக்கம் வரவில்லை.

சரி, ஹெல்மெட் வந்துவிட்டது, அப்புறமும் ஏன் அடிபடுகிறது? இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் சிலர், பேட்ஸ்மேன்களுக்குத் தலையில் அடிபட்ட வீடியோக்களைச் சேர்த்து, பந்து எங்கே பட்டது, எந்த வழியாக உள்ளே போனது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஹெல்மெட்டின் முன்விளிம்புக்கும் முகத்துக்கு முன்னால் இருக்கும் கம்பித் தடுப்பான கிரில்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகப் பந்து முகத்துக்கே வருவது தெரிந்தது. 2014இல் மான்செஸ்டர் டெஸ்டில் வருண் ஆரோன் போட்ட பவுன்சர் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராடின் மூக்கை உடைத்தது இப்படித்தான், ஹெல்மெட் தலையில் இருக்கும்போதே. இந்த ஆய்வுகளையொட்டி 2013இல் பிரிட்டிஷ் தர அளவுகோலை மாற்றினார்கள், பந்தை உண்மையான வேகத்தில் எறிந்து அந்த இடைவெளியில் நுழைகிறதா என்று சோதித்த பிறகே சான்று. ஹெல்மெட் உள்பக்க லேபிளில் பிஎஸ் 7928:2013 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் பெற்றோர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு, எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சின்னப் பிள்ளைகள் ஆடும் பந்து பெரியவர்கள் பந்தைவிடச் சிறியது. அதனால் அந்தச் சோதனையைச் சிறிய பந்து, பெரிய பந்து இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்கிறார்கள். பெரிய பந்தைத் தடுக்கும் கிரில் சின்னப் பந்தை உள்ளே விட்டுவிடலாம். "வளர்ற பையன், பெருசாவே வாங்கிடுவோம்" என்று பள்ளிச் சட்டை வாங்குகிற மாதிரிதான் நான் வாங்கினேன். வீட்டில் அவன் பந்தை எடுத்து அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. பேட்டுக்குக் கொடுத்த காசில் பாதிகூட நான் ஹெல்மெட்டுக்குக் கொடுக்கவில்லை. பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றத்தான் வேண்டும். அதை அடுத்த பையனுக்குப் போட்டுவிடும் வழக்கம் எத்தனை கிட் பேக்குகளில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கழுத்து. ஆஸ்திரேலியாவின் பில் ஹியூஸை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 நவம்பர் 25, சிட்னி மைதானம், 63 ரன் எடுத்து ஆடிக்கொண்டிருக்கிறார், ஹூக் அடிக்கப் போய்த் தவறிவிடுகிறது, ஹெல்மெட்டுக்குக் கீழே இடது பக்கக் கழுத்தில் பந்து படுகிறது. கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் உண்டு, அது கிழிந்து மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தது. இரண்டு நாளில் போய்விட்டார், 26ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. அதன்பிறகுதான் ஹெல்மெட்டின் பின்னால் மாட்டும் கழுத்துக் காப்பு வந்தது. அதை மாட்டியிருந்தால் ஹியூஸ் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, புது மாடல் ஹெல்மெட் போட்டிருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்காது என்றுதான் கிரிக்கெட் ஆஸ்திரேலியாவுக்காக நடந்த விசாரணையும் சொன்னது. ஆனால் அந்த இடத்தில் வெறும் தோல் இருப்பதைவிட ஒரு தடுப்பு இருப்பது மேல். ஸ்டீவ் ஸ்மித் பல வருடம் அதை மாட்ட மறுத்தார், மாட்டினால் இதயத் துடிப்பு ஏறுகிறது என்றார். 2023 அக்டோபரில் ஆஸ்திரேலியா வேகப்பந்துக்கு எதிராக அதைக் கட்டாயமாக்கியது, அவரும் மாட்டினார். 2025 அக்டோபரில் மெல்பர்னில் 17 வயதுப் பையன் ஒருவன் நெட்ஸில், சைட் ஆர்மில் எறிந்த பந்து கழுத்தில் பட்டு இறந்தான். ஹெல்மெட் இருந்தது, கழுத்துக் காப்பு இல்லை. அந்தச் செய்தியை அன்று நான் படித்தேன், என் வீட்டுக்கு அதில் சேதி இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

ஆனால் இவற்றையெல்லாம்விட முக்கியமானது காசே செலவில்லாத ஒன்று. அடிபட்டவனை அன்று வெளியே உட்கார வைப்பது. தலையில் அடிபட்டுச் சந்தேகம் இருந்தால் அன்று திரும்ப இறக்காதே என்பதுதான் விளையாட்டு மருத்துவம் இத்தனை வருடமாகச் சொல்லிவருவது. காரணம், அறிகுறி உடனே வரவேண்டும் என்று இல்லை. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்மித்தின் கழுத்தில் பட்டது, வெளியே போனார், பரிசோதனைகளில் தேறினார், முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து ஆடினார், 92இல் அவுட். மறுநாள் காலையில்தான் தலைவலி, மந்தம். அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார், டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரர். பக்கத்திலேயே டாக்டர்கள் நிற்கும் இடத்திலேயே இப்படி என்றால், முதலுதவிப் பெட்டிகூட இல்லாத நம் மைதானங்களில் ஒரு நிமிடம் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு எதை முடிவு செய்ய முடியும்?

அந்த மாற்று வீரர் விதியை நாம் எப்படிப் பார்த்தோம் என்பதும் எனக்கு உறுத்துகிறது. 2020 டிசம்பர், கான்பெராவில் நம்ம நடராஜன் டி20யில் அறிமுகமாகி மூன்று விக்கெட் எடுத்த அதே ஆட்டத்தில்தான், ஸ்டார்க் பந்து ஜடேஜா ஹெல்மெட்டில் பட்டு, சாஹல் மாற்றாக வந்து அவரும் மூன்று விக்கெட் எடுத்தார். அன்று முழுக்கப் பேசியது சாஹல் வந்தது நியாயமா என்றுதான். அடிபட்டதும் மைதானத்துக்குள்ளேயே ஏன் யாரும் வந்து ஜடேஜாவைப் பார்க்கவில்லை என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், நான் அந்தக் கொஞ்சம் பேரில் இல்லை. வில் புகோவ்ஸ்கியையும் நினைத்துக்கொள்கிறேன். 2021இல் சிட்னியில் நமக்கு எதிராக முதல் டெஸ்டில் 62 அடித்த பையன். அதுவே கடைசி டெஸ்டும் ஆகிவிட்டது, திரும்பத் திரும்பக் கன்கஷன், 27 வயதில் ஓய்வு.

பிள்ளைகள் பெரியவர்களைவிட மெதுவாகத்தான் தேறுகிறார்கள், நாலு வாரம்கூட ஆகலாம். முழுசாகத் தேறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் அது சின்ன அடியாக இருந்தாலும் ஆபத்து, அபூர்வமாக உயிரே போகும். இதைப் படித்தபோது அந்த "இன்னும் ஒரு ஓவர்" எனக்குக் கண்முன் வந்தது. எங்கள் டாக்டர் சொன்ன வரிசை இது: முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, மொபைல் குறைவு, ஆனால் இருட்டறையில் அடைத்துவைக்க வேண்டாம், மெதுவாக நடக்கலாம். பிறகு பள்ளி. பிறகு ஓட்டம், பந்து பிடிப்பது, ஒவ்வொரு படிக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாள், தலைவலி கூடினால் ஒரு படி பின்னால். அவர் சரி என்ற பிறகுதான் பேட்டிங். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, எழுப்பினால் எழாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் யோசிக்காமல் 108.

போன வாரம் கோச்சைப் போய்ப் பார்த்தேன். கோபத்தோடுதான் போனேன், ஆனால் அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு அவர் கோச் இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "பயம் போகணும்னுதான் சார் சொன்னேன்" என்றார். வாந்தி எடுத்ததைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு நெட்ஸில் இருந்த ஹெல்மெட்டுகளை இரண்டு பேருமாக எடுத்துப் பந்தை வைத்துப் பார்த்தோம். ஒன்பதில் நான்கில் பந்து உள்ளே போனது. அந்த நான்கையும் அவர் பையில் போடாமல் தனியாக ஓரமாக வைத்தார். என் மகன் இப்போது ஓடுகிறான், கேட்ச் பிடிக்கிறான். பேட்டிங்குக்கு இன்னும் டாக்டர் அனுமதி வரவில்லை, தினமும் எப்போது என்று கேட்கிறான்.