மெஷின் வந்துருச்சு, படம் எடுக்க ஆள் எங்க?

நேத்து ராத்திரி எங்க எம்எல்ஏ பேஜ்ல நீளமா ஒரு பதிவு. தொகுதி சுகாதாரப் பணிகளாம். கண் சிகிச்சை முகாம், ரத்த தான முகாம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆர்ஓ தண்ணி, அரசு ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின், கொசுப்புகை அடிக்கிற பையனோட தோள்ல கை போட்டு ஒரு போட்டோ. மொத்தம் 28 படம், வேலவெட்டி இல்லாம எண்ணிப் பாத்தேன், 21ல சால்வை இருக்கு, நோயாளி இருக்கிறது நாலே நாலுல.

முதல்லயே சொல்லிடுறேன், கட்சி சண்டைக்கு யாரும் கமெண்ட்ல வராதீங்க. இதுக்கு முன்னாடி இருந்தவரும் இதே மாதிரிதான் போட்டாரு, சால்வை கலர்தான் வேற.

எனக்கு உறுத்துனது அந்த எக்ஸ்ரே மெஷின். மூணு மாசம் முன்னாடி அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போச்சு. வண்டில வச்சு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா தங்கமான பொண்ணு, கையத் தொட்டுப் பாத்துட்டு எக்ஸ்ரே எடுக்கணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க, போனா ரூம் பூட்டிருக்கு. டெக்னீஷியன் வேற ஆஸ்பத்திரிலேருந்து டெபுடேஷன், செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருவாராம், நாங்க போனது புதன்கிழமை. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா மெஷின் மேல பச்சைத் துணி போத்தி, அது மேல யாரோ சாப்பாட்டுப் பைய வச்சிருக்காங்க. வாசல்ல பளபளன்னு கிரானைட் கல்வெட்டு, தொகுதி மேம்பாட்டு நிதின்னு போட்டு அமைச்சர்லேருந்து வார்டு கவுன்சிலர் வரைக்கும் பேரு. அம்மா கையப் புடிச்சுக்கிட்டே அத முழுசா படிச்சுட்டு "இத்தன பேர் இருக்காங்களேடா, இதுல ஒருத்தருக்குக்கூட படம் எடுக்கத் தெரியாதா"ன்னு கேட்டாங்க. வலிலயும் வாய் குறையல. கடைசில வெளிய ஒரு ஸ்கேன் சென்டர்ல 400 ரூபா குடுத்து எடுத்தோம். நல்லவேளை எலும்பு முறியல.

இதுல எம்எல்ஏவ மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. தமிழ்நாட்டுல ஒரு எம்எல்ஏவுக்கு வருஷத்துக்கு 3 கோடி தொகுதி நிதி. அதுல கட்டடம் கட்டலாம், மெஷின் வாங்கலாம், சம்பளம் மட்டும் குடுக்க முடியாது. ஆள் போடுறது அரசாங்கம், அதுக்குப் பணியிடம் உருவாக்கணும், நிதித்துறை ஒத்துக்கணும், அப்புறம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கணும். அதனால எம்எல்ஏ கைக்கு எட்டுறது கல்லும் இரும்பும்தான். ரிப்பன் வெட்டவும் அதுதான் தோது, ஒரு டெக்னீஷியன் வேலைக்குச் சேந்ததுக்கு யாரு ரிப்பன் வெட்டுறா?

ஆனா நிதிய விட பெரிய சாமான் ஒண்ணு அவர் கைல இருக்கு, அதான் சட்டசபை. கேள்வி நேரம் இருக்கு, சுகாதாரத்துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்குற விவாதம் வரும்போது பேசலாம், எங்க தொகுதில எத்தன ஆரம்ப சுகாதார நிலையம், எத்தன நர்ஸ் இடம் காலி, லேப்ல ஆள் எப்ப வரும்னு கேட்டா அமைச்சர் எந்திரிச்சு பதில் சொல்லியே ஆகணும், அது சபைக் குறிப்புலயும் ஏறிடும். சமவெளில 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்னு கணக்கு. எங்க பக்கம் நாலஞ்சு வருஷத்துல புதுசு புதுசா எத்தன நகர் மொளச்சிருக்கு, அந்தக் கணக்கு இன்னும் சரியா வருதான்னு அவர்தான கேக்கணும்? 28 போட்டோல சட்டசபைல பேசுன மாதிரி ஒண்ணுகூட இல்லங்க.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927ல சென்னை மாகாண சட்டசபைக்குள்ள போனப்போ தொகுதி நிதியும் கிடையாது, ஃப்ளெக்ஸும் கிடையாது. நியமன உறுப்பினர் வேற. அந்தம்மா எழுந்து நின்னு பேசித்தான் தேவதாசி ஒழிப்ப சபைக்குக் கொண்டு வந்தாங்க, அது சட்டமா முழுசா நிறைவேற 1947 ஆச்சு. தங்கச்சி கேன்சர்ல போனத மனசுல வச்சிருந்து அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிய 1954ல கொண்டு வந்தாங்க. இப்ப கர்ப்பிணிகளுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமா 18,000 ரூபா மதிப்புக்குக் குடுக்குறது அவங்க பேர்லதான். நம்மாளு அந்தப் பெட்டகத்தைக் குடுக்குற போட்டோவும் அந்த 28ல இருக்கு.

முகாமே வேணாம்னு சொல்லல. எதிர் வீட்டுத் தாத்தாவுக்குக் கண்ணுல புரைன்னு கண்டுபுடிச்சதே முகாம்லதான். ஆனா சுகரும் பிரஷரும் ஒரு நாள் முகாம்ல அடங்குற வியாதியா? 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில, வீட்டுக்கே வந்து மருந்து குடுக்குற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்த ஆரம்பிச்சாங்கல்ல, அதுல எங்க தெருவுக்கு ஒரு அக்கா வருவாங்க. மாசம் தவறாம அம்மாவுக்கு சுகருக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு அம்லோடிபினும் குடுத்துட்டு, திண்ணைல உக்காந்து பிரஷர் பாத்து நோட்டுல எழுதிட்டுப் போவாங்க. போன மாசம் பிரஷர் மெஷின்ல பேட்டரி தீந்துபோய், எங்க வீட்டு டிவி ரிமோட்லேருந்து கழட்டிப் போட்டுத்தான் பாத்தாங்க. அந்தக்கா அந்தப் பதிவுல எங்கயும் இல்ல. பேட்டரியாச்சும் வாங்கிக் குடுங்க சார்.

பதிவுக்குக் கீழ "எக்ஸ்ரே டெக்னீஷியன் தினமும் எப்பலேருந்து வருவாரு?"ன்னு மரியாதையாத்தான் கேட்டேன். அட்மின் ஒரு ஹார்ட்டு போட்டு "நன்றி சகோ, தொடர்ந்து இணைந்திருங்கள்"னு பதில் போட்டிருக்காரு. திங்கக்கிழமை எம்எல்ஏ ஆபீஸ்க்கு நேர்ல போய் மனு குடுக்கப் போறேன், எங்க ஏரியால வர்றவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க. அம்மாவும் வர்றேன்னு கிளம்பி நிக்கிறாங்க, அந்த 400 ரூபா பில்லையும் எக்ஸ்ரே ஃபிலிமையும் இப்பவே பைல எடுத்து வச்சாச்சு.