டெலீட் செய்தால் மட்டும் இடம் திரும்பி வராது

போன மாதம் ஒரு நாள், நள்ளிரவு ஒன்றரை மணி. ஸ்டோரேஜ் அர்ரேயில் (டிஸ்க்குகள் அடங்கிய பெட்டி) பூல், அதாவது வால்யூம்கள் எல்லாம் இடம் எடுத்துக்கொள்ளும் பொதுக் கையிருப்பு, 96 சதவீதம் நிரம்பிவிட்டது என்று அலெர்ட். அதைப் பயன்படுத்தும் மெயின்ஃபிரேம் (பெரிய கணினி) பக்கம் போய்ப் பார்த்தால், அதே வால்யூம்களில் (மெயின்ஃபிரேம் தனித்தனி டிஸ்க்காகப் பார்ப்பவை) பாதிக்குப் பாதி காலி என்று காட்டுகிறது. புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணா, இதில் எது பொய்?" என்று கேட்டான். இரண்டுமே உண்மைதான். இது புரியாமல்தான் பல இடங்களில் புதுப் பெட்டி வாங்கக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதுதான் என் ஆதங்கம்.

மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்ஓஎஸ்ஸில் ஒரு டேட்டாசெட்டை (ஃபைல் மாதிரி) டெலீட் செய்தால், சாதாரணமாக வால்யூமின் விடிஓசியில் (எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) இருக்கும் அதன் பதிவு போய்விடும், அவ்வளவுதான். எழுதிய தரவு இருந்த இடத்திலேயே கிடக்கும். தின் புரொவிஷனிங் செய்த அர்ரே, அதாவது எழுதும்போதுதான் பூலிலிருந்து இடம் ஒதுக்கும் அர்ரே, ஒரு முறை எழுதிய இடத்தை யாராவது வந்து சொல்லும் வரை விடாது. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார், சாவி மட்டும் வீட்டுக்காரர் கைக்கு வரவில்லை. அப்படித்தான்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க ஐபிஎம் டிஎஸ்8000 வகை அர்ரேகளுக்கு, இசட்ஓஎஸ் பக்கத்தில் ஸ்பேஸ்ரெல் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது டிராக் டிராக்காக விடாது, எக்ஸ்டென்ட் கணக்கில்தான் விடும். டிராக் என்பது டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டு, பல டிராக் சேர்ந்தது சிலிண்டர், பல சிலிண்டர் சேர்ந்தது எக்ஸ்டென்ட். சின்ன எக்ஸ்டென்ட் என்றால் 21 சிலிண்டர், பெரியது 1,113. (உள்ளே ஃபிளாஷ் வந்துவிட்டாலும், 1989-இல் வந்த 3390 டிஸ்க்கின் சிலிண்டர் கணக்கில்தான் இன்றும் பேசுகிறோம்.) எங்கள் பூல் பெரிய எக்ஸ்டென்ட். ஒரு வால்யூமின் மேப்பை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 946 மெகாபைட் கொண்ட ஒரு எக்ஸ்டென்ட், கிட்டத்தட்ட முழுக்கக் காலி. நடுவில் 2 டிராக்கில் ஒரு கன்ட்ரோல் கார்டு (ஜாபுக்கான குறிப்புகள்) டேட்டாசெட். அந்த நூற்றுச் சொச்சம் கிலோபைட் அங்கே உட்கார்ந்திருக்கும் வரை 946 மெகாபைட்டும் பூலுக்குத் திரும்பாது.

சரி, டிஃப்ராக் (சிதறிய தரவை நகர்த்தி ஒன்றுசேர்ப்பது) ஓட்டலாமே என்றார்கள். 96-இல் அது ஆபத்து. நகர்த்திய தரவு, அர்ரேயில் அதுவரை எழுதாத இடத்தில் போய் விழுந்தால் பூல் இன்னும் நிறையும். எச்எஸ்எம் மைக்ரேஷனும் (அதிகம் தொடாத டேட்டாசெட்களை வேறு இடத்துக்கு நகர்த்துவது) அப்படியே, அது நகர்த்தும் இடமான எம்எல்1 டிஸ்க் அதே பூலில் இருந்தால். முழுசாக நிரம்பிவிட்டால் ஒரு ஜாப் விழுவதோடு போகாது. அந்தப் பூலில் புது எக்ஸ்டென்ட் கேட்கிற எல்லா வால்யூமிலும் எழுதுவது நின்றுவிடும், அதுவும் இரவு பேட்ச் ஓடும் நேரத்தில்.

அதனால் முதலில் ஸ்பேஸ்ரெல் மட்டும் ஓட்டினோம். பல வருடமாக டெலீட் ஆகி, யாரும் சொல்லாமல் விட்ட இடமெல்லாம் வந்தது. அப்புறம் அந்தச் சின்ன டேட்டாசெட்களை ஒவ்வொன்றாக, ஏற்கெனவே எழுதியிருக்கும் வால்யூம்களுக்கு மாற்றிவிட்டு இன்னொரு முறை ஓட்டினோம். விடியற்காலை ஐந்து மணிக்கு பூல் 83 சதவீதம். ஒரு ரூபாய்க்குக்கூட டிஸ்க் வாங்கவில்லை.

அப்ளிகேஷன் பக்கம் இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜேசிஎல்லில் (ஜாபை ஓட்ட எழுதும் கட்டளைகள்) 1,000 சிலிண்டர் கேட்டுவிட்டு 40-இல் எழுதினால், மிச்சம் 960-ம் உங்கள் பெயரில்தான் நிற்கும். அதற்கு அடியில் பழைய தரவு கிடந்தாலும் ஸ்பேஸ்ரெல் தொடாது. அதே ஜேசிஎல்லில் ஆர்எல்எஸ்ஈ (RLSE) என்று நான்கு எழுத்து சேர்த்தால் போதும், டேட்டாசெட்டை மூடும்போது மிச்சம் விடுபட்டுவிடும்.

இன்னொன்று, "எதற்கும் இருக்கட்டும்" காப்பிகள். அப்கிரேடுக்கு முந்தின நாள் காப்பி எடுப்பது தப்பே இல்லை, நானும் எடுப்பேன். ஆனால் எடுக்கும்போதே, இத்தனை நாள் கழித்துப் போய்விடலாம் என்று மேனேஜ்மென்ட் கிளாஸில் (டேட்டாசெட்டை எவ்வளவு காலம் வைப்பது என்பது போன்ற விதிகள்) சொல்லிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து, எடுத்தவர் வேலை மாறிப் போன பிறகு, அழிக்கலாமா என்று கேட்டால் யாருக்கும் தலையாட்டத் தைரியம் வராது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. என் கை நடுங்கிய இரவுகளும் உண்டு.

இப்போது வாரா வாரம் ஸ்பேஸ்ரெல் ஓடுகிறது. அன்று இரவு கண்ணில் பட்ட ஒரு பழைய காப்பி மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. அது யாருடையது என்று மூன்று டீமுக்கு மெயில் போட்டிருக்கிறேன்.