தெரிஞ்சதுதானே மேடம்

சோஷியாலஜி அறிமுக வகுப்பில் உட்கார்ந்திருந்த யாருக்கும் நான் சொல்லப்போகிற ஆளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் வகுப்பிலும் ஒருவர் இருந்திருப்பார். இரண்டாவது வரிசை, நோட்டு கிடையாது, பேனா கிடையாது, நாற்காலியில் பாதி படுத்த நிலை. ஆசிரியர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ‘இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ என்று ஒரு குரல் வரும். கையெல்லாம் தூக்க மாட்டார். கை தூக்குவது தெரியாதவர்கள் செய்கிற வேலை.

இன்றைக்கு அந்த மகான் செய்த காரியத்தை எங்காவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வேறு துறை. க்ரெடிட் குறைகிறது என்பதற்காக இந்தப் பாடத்தை எடுத்தவர். அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை, வகுப்பில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் மற்றவர்கள் கண்ணியமாகக் கடைசி வரிசையில் தூங்குகிறார்கள். இவர் தூங்கினால் நாங்கள் எல்லாரும் பிழைத்துப்போவோம்.

முதல் வாரமே தொடங்கிவிட்டது. அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய புத்தகத்திலிருந்து பாடம். சமூகவியல் கற்பனை பற்றியது, அதாவது ஒருவருடைய சொந்தக் கஷ்டத்தைச் சமூக அமைப்போடு சேர்த்துப் பார்க்கிற பார்வை. பல இடங்களில் அங்கேதான் தொடங்குவார்கள். 1,00,000 பேர் வாழ்கிற நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அது அவருடைய சொந்தத் தொல்லை. அவருடைய குணம், திறமை, வாய்ப்பு என்று பார்க்கலாம். 5 கோடி பேர் வேலை செய்கிற நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் அது அந்த ஆட்களின் குணம் இல்லை, வாய்ப்புகளைத் தருகிற அமைப்பே உடைந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அன்றைக்குத் தலைக்குள் ஏதோ ஒரு கதவு திறந்த மாதிரிதான் இருந்தது. திறந்த கதவு வழியாக நம்மவர் உள்ளே வந்தார். ‘அந்த ஒன்றரைக் கோடிப் பேரும் ஒழுங்கா முயற்சி பண்ணலைன்னு தோணுது மேடம். எங்க சித்தப்பா ஒண்ணுமே இல்லாம ஆரம்பிச்சார்.’

அந்தச் சித்தப்பா அதற்கப்புறம் எங்கள் பாடத்திட்டத்திலேயே சேர்ந்துவிட்டார். வர்க்கம் பற்றிப் பாடம் நடந்தால் சித்தப்பா வருவார். கல்வியில் ஏற்றத்தாழ்வு என்றால் சித்தப்பா வருவார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ சொல்கிற பண்பாட்டு மூலதனம், அதாவது வீட்டில் புத்தகமும் பேச்சும் பழக்கவழக்கமும் எப்படிப் பிள்ளைகளுக்குச் சொத்து மாதிரி கைமாறுகிறது என்ற விஷயம் வந்தபோதும் சித்தப்பாதான். அவர் வீட்டில் புத்தகமே கிடையாதாம், இன்றைக்கு எப்படி இருக்கிறார் தெரியுமா என்றார். எங்களுக்கு நன்றாகவே தெரியும். எங்கள் சொந்தச் சித்தப்பாக்களின் பிறந்தநாள் எங்களுக்கு நினைவில்லை, அவருடைய சித்தப்பா எந்த வயதில் முதல் வாகனம் வாங்கினார் என்று தேர்வில் கேட்டால் எழுதிவிடுவோம்.

போக்கு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு விதிவிலக்கும் இருக்கும், ஒரு விதிவிலக்கைக் காட்டினால் போக்கு பொய்யாகிவிடாது. முதல் வகுப்பிலேயே சொன்ன விஷயம் இது. ‘தெரிஞ்சதுதானே’ என்று அதற்கும் தலையாட்டிவிட்டு மறுபடியும் சித்தப்பாவைக் கூப்பிடுகிறவரிடம் என்ன செய்வது?

ஒரு இடையீடு. இது வகுப்புக்குள் மட்டும் இருக்கிற தொல்லை இல்லை. என்ன படிக்கிறாய் என்று கேட்டு, சமூகவியல் என்று சொன்னதும், கேட்டவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள். ‘அதுல படிக்க என்ன இருக்கு?’ உடம்பு எல்லாருக்கும் இருக்கிறது, அதற்காக மருத்துவக் கல்லூரிக்காரரைப் பிடித்து ‘இதைப் போய் அஞ்சு வருஷம் படிக்கணுமா’ என்று யாரும் கேட்பதில்லை. சமூகத்தில் வாழ்ந்தால் மட்டும் சமூகவியல் தானாக வந்துவிடுமாம். சமூகவியலை ஒரு துறையாக நிறுவியவர்களில் ஒருவரான எமில் துர்கைம் 1895இல் சமூகவியல் முறைக்கான விதிகளை எழுதியபோது, எல்லா முன்முடிவுகளையும் ஒழுங்காகத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கு என்று வற்புறுத்துகிறார். அந்த மனிதருக்கும் இரண்டாவது வரிசையில் இப்படி ஒரு மாணவர் இருந்திருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் கிடையாது, ஆனால் எனக்குத் தெரிஞ்சதுதானே.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன்.

மேடத்துக்கும் பொறுமை தீர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் இன்றைக்குக் கலந்துரையாடல் வகுப்புக்கு அவர் எடுத்து வந்தது சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் 1949இல் எழுதிய மதிப்புரை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ வீரர்களிடம் சாமுவேல் ஸ்டௌஃபரும் அவருடைய குழுவும் நடத்திய பிரம்மாண்டமான ஆய்வைப் பற்றியது. நான் கட்டுரையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போயிருந்தேன். (படிக்கச் சொன்னதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) அதனால் முதல் வரி திரையில் வந்ததுமே அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். எத்தனை வாரக் காத்திருப்பு!

‘அதிகம் படித்த வீரர்களிடம், குறைவாகப் படித்தவர்களைவிட மனநலக் கோளாறின் அறிகுறிகள் அதிகம் இருந்தன.’ மேடம் வாசித்து முடித்துவிட்டு, வேண்டுமென்றே, இரண்டாவது வரிசையைப் பார்த்தார்.

‘தெரிஞ்சதுதானே மேடம். படிச்சவன் எல்லாத்தையும் ரொம்ப யோசிப்பான். யோசிச்சா மனசு கெடத்தானே செய்யும்.’ தன் நெற்றியை வேறு தட்டிக் காட்டினார், தாமும் அந்தப் பட்டியலில் இருக்கிற ஆள் என்பதுபோல.

‘நல்லது. அடுத்தது. கிராமப்புறத்திலிருந்து வந்த வீரர்கள், நகரத்திலிருந்து வந்தவர்களைவிட ராணுவத்தில் உற்சாகமாக இருந்தார்கள்.’

‘இதுக்கு ஆய்வு வேற பண்ணாங்களா? கிராமத்து ஆள் கஷ்டத்துக்குப் பழகினவன். நகரத்து ஆள் சொகுசுல வளர்ந்தவன்.’

‘மூன்றாவது. சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் வீரர்களுக்கு ஊர் திரும்பும் அவசரம் அதிகமாக இருந்தது. ஜெர்மனி சரணடைந்த பிறகு அது குறைந்துவிட்டது.’

‘மேடம், உசிருமேல யாருக்குத்தான் ஆசை இல்லை?’

லாசர்ஸ்ஃபெல்ட் மொத்தம் ஆறு வாக்கியங்கள் கொடுத்திருக்கிறார். மேடம் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். ஆறையும் தாங்கும் தெம்பு அவருக்கு இல்லை. திரையிலிருந்து திரும்பி, மிக மெதுவாக, ‘அப்போ இவ்வளவு செலவு பண்ணி, இத்தனை பேர்கிட்டக் கேள்வி கேட்டு, இதையெல்லாம் கண்டுபிடிக்கணுமா என்ன?’ என்றார்.

‘அதைத்தான் மேடம் நான் முதல் வகுப்புலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்.’

ஐயோ, அந்த நொடி. பொறிக்குள் தானே நடந்து போய், உள்ளே வசதியாக உட்கார்ந்து, கதவையும் தானே சாத்திக்கொண்ட ஒரு மனிதனை நான் அதுவரை பார்த்ததில்லை. கடைசி வரிசைத் தூக்கக்காரர்கள்கூட ஏதோ நடக்கிறது என்று கண் திறந்தார்கள். மேடம் பொத்தானை அழுத்தினார். அடுத்த ஸ்லைடு: மேலே சொன்ன ஒவ்வொன்றும், உண்மையில் கண்டறிந்ததற்கு நேர் எதிரானது.

அதாவது குறைவாகப் படித்தவர்களிடம்தான் அறிகுறிகள் அதிகம். நகரத்துக்காரர்கள்தான் உற்சாகமாக இருந்தார்கள். சண்டை முடிந்த பிறகுதான் ஊர் திரும்பும் அவசரம் கூடியது. லாசர்ஸ்ஃபெல்ட் கேட்கிறார்: உண்மையான முடிவை முதலில் சொல்லியிருந்தால் அதையும் வாசகர் ‘தெரிந்ததுதானே’ என்றுதான் சொல்லியிருப்பார். ஒரு கூற்றும் அதற்கு நேர் எதிரான கூற்றும் இரண்டுமே வெளிப்படையாகத் தோன்றுகிறது என்றால், அந்த வெளிப்படை என்கிற உணர்விலேயே ஏதோ கோளாறு இருக்கிறது.

வகுப்பே அவரைத் திரும்பிப் பார்த்தது. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை நாங்கள். காது கொஞ்சம் சிவந்தால் போதும். ஒரு இருமல் வந்தால் போதும். நாற்காலியில் ஒரு அங்குலம் நிமிர்ந்தால்கூட அன்றைக்கு விழா எடுத்திருப்போம்.

அவர் ஸ்லைடைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். நிதானமாக ஒரு மூச்சு விட்டார்.

‘அதுவும் தெரிஞ்சதுதானே மேடம்.’

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். அவர் தொடர்ந்தார், துளி வெட்கமில்லாமல், வரிசை மாறாமல். படித்தவனுக்கு நிலைமை புரியுமாம், அதனால் சமாளித்துக்கொள்வானாம். நகரத்துக்காரனுக்குக் கூட்டம், வரிசை, சத்தம், மேலதிகாரி எல்லாம் பழக்கம், ராணுவமும் அதுதானேயாம். சண்டை முடிந்த பிறகு அங்கே அவனுக்கு என்ன வேலை, வீட்டுக்குப் போகத்தானே பார்ப்பானாம். கொஞ்ச நேரம் முன்பு நெற்றியைத் தட்டிய அதே விரல், இப்போது எங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். இப்போது வெடிக்கும், இதோ வெடிக்கும் என்று காத்திருந்தேன். மேடத்தின் முகம் மலர்ந்தது!

‘பார்த்தீங்களா? இதைத்தான் லாசர்ஸ்ஃபெல்ட் சொல்றார்! நாம எதுக்கும் அப்புறமா ஒரு காரணம் கண்டுபிடிச்சுடுவோம். இதைவிட அழகான உதாரணம் கிடைக்காது. ரொம்ப நன்றி.’

‘தெரியும் மேடம்’ என்றார் அவர்.

தெரியுமாம்! எழுபது வருடத்துக்கு மேல் ஒரு கட்டுரை உலகம் முழுக்க வகுப்பறைகளில் எந்த மாதிரி ஆளைத் திருத்துவதற்காகப் படிக்கப்பட்டு வருகிறதோ, அந்த ஆள் கட்டுரையைக் கேட்டுவிட்டு, கட்டுரைக்கு உதாரணமாகி, பாராட்டும் வாங்கிக்கொண்டு, மறுபடியும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்கு என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியாது. அது ஒன்றுதான் அவருக்குத் தெரியாதது.

மீதி வகுப்பில் அதே ஆய்விலிருந்து இன்னொரு விஷயம் ஓடியது. பதவி உயர்வு வேகமாகக் கிடைத்த விமானப் படையில், பதவி உயர்வு முறை பற்றிய அதிருப்தி அதிகம். மிக மெதுவாகக் கிடைத்த ராணுவக் காவல் பிரிவில் அதிருப்தி குறைவு. சுற்றியிருக்கிறவர்கள் எல்லாரும் ஏறும்போது நாம் நின்றால்தான் வலிக்கிறது. எல்லாரும் நிற்கும்போது நிற்பது வலிப்பதில்லை. இதற்குப் பெயர் ஒப்பீட்டு இழப்புணர்வு. எவ்வளவு அருமையான கண்டுபிடிப்பு, ஆனால் கேட்கிற மனநிலையிலா நான் இருந்தேன்? இரண்டாவது வரிசை என்ன சொன்னது என்று உங்களுக்கே தெரியும். சித்தப்பாவும் வந்தார், அவருக்குப் பதவி உயர்வே வேண்டியிருக்கவில்லையாம்.

சாயங்காலம் பங்கேற்பு மதிப்பெண்ணைப் போட்டுவிட்டார்கள். எனக்கு நல்ல மதிப்பெண். நிஜமாகவே நல்ல மதிப்பெண். வாரா வாரம் படித்துவிட்டுப் போனதற்கு, பக்க எண்ணோடு குறிப்பெடுத்ததற்கு, மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து கை தூக்கியதற்கு நியாயமான கூலி. பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் எல்லாருடைய பட்டியலும் ஒரே கோப்பில் இருந்ததால் கண் கொஞ்சம் கீழே இறங்கியது.

அவருக்கு என்னைவிட ஒரு மதிப்பெண் அதிகம். பக்கத்தில் குறிப்பு: ‘விவாதத்தைத் தொடர்ந்து உயிர்ப்புடன் வைத்திருக்கிறார்.’

ஒரு நிமிடம் முன்புவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. மதிப்பெண் மாறவில்லை, நான் மாறவில்லை, ஆனால் இப்போது வயிறு எரிகிறது. விமானப் படைக்காரன் எப்படி உணர்ந்திருப்பான் என்று இனி யாரும் எனக்கு ஸ்லைடு போட்டு விளக்க வேண்டியதில்லை. பாடத்தைப் படிக்கச் சொன்னார்கள், நான் பாடமாகவே ஆகிவிட்டேன். அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன், பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுகிற அளவுக்கு. அடுத்த முறை அந்த மகான் வாயைத் திறந்தால் நானே சித்தப்பாவின் நலம் விசாரிக்கலாம் என்றிருக்கிறேன்.

அது போகட்டும். நூற்றுக்கணக்கான பேர் உட்காருகிற விரிவுரைக் கூடத்தில் சார்ஜ் போடுகிற பிளக் ஒரே ஒரு இருக்கைக்குப் பக்கத்தில் மட்டும் இருப்பது யாருடைய யோசனை? அந்த இருக்கையில் தினமும் ஒருவன் சீக்கிரமே வந்து உட்கார்ந்துகொள்கிறான். மடிக்கணினி கொண்டுவருவதில்லை. போனைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. பிளக்கின்மேல் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து வைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதுகிறான். ஒருநாள் போய், கொஞ்சம் மாறி உட்கார முடியுமா, சார்ஜ் இல்லை என்று பணிவாகக் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறான், ‘எனக்கு இந்த இடம்தான் பழக்கம்.’