அறுபதுக்குள் போகிற பெண்கள்

எங்கள் சித்தி இறந்தபோது அவருக்கு வயது 47. சேலம் கொண்டலாம்பட்டியில் வீடு, வீட்டிலிருந்தபடியே கொலுசுக்குச் சலங்கை கோக்கிற வேலை. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடிந்த வாரம், காலையில் தண்ணீர் பிடிக்கப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காரியம் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது சாமி படத்துக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. பிரஷர் மாத்திரை. ஒவ்வொன்றையும் பாதியாக உடைத்து, மீதிப் பாதியை அந்தக் குழிக்குள்ளேயே திரும்பச் செருகி வைத்திருந்தார். ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பெண்களின் சாவு என்று பேச்செடுத்தாலே நாம் பிரசவத்தைத்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 2001-03இல் தமிழ்நாட்டில் 134 தாய்மார்கள் இறந்தார்கள், 2018-20இல் அது 54. நாடு முழுக்க 301ஆக இருந்தது 97 ஆனது. ஊர் ஊராக ஆரம்ப சுகாதார நிலையம், 108, கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை, வீடு தேடி வந்து மாசக் கணக்கு கேட்கிற நர்ஸம்மாக்கள், இவ்வளவு பேர் உழைத்து வந்த மாற்றம் அது.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 15 வயதில் இருக்கும் ஆயிரம் பெண்களில் 60ஐத் தொடுவதற்குள் எத்தனை பேர் இறந்துபோவார்கள் என்பது. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் ஆணைவிடப் பெண்தான் அதிக நாள் வாழ்கிறாள், ஆனால் நம் நாட்டில் 1970-75இல் ஆணின் சராசரி ஆயுள் 50.5, பெண்ணுடையது 49. எண்பதுகளில்தான் பெண் முந்தினாள். அதற்கப்புறம் இந்த 15-60 சாவும் நன்றாகவே குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. பிரசவச் சாவு குறையக் குறைய மிச்சம் நிற்பது எது? மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, மார்பிலும் கர்ப்பப்பை வாயிலும் வருகிற புற்றுநோய், அப்புறம் தற்கொலை. சின்ன வயசுப் பெண்களைக் கொண்டுபோவதில் தற்கொலை முன்வரிசையில் இருக்கிறது, அதைச் சொல்லவே வாய் வரமாட்டேன் என்கிறது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குப் போகிற ஒரு அக்காவை எனக்குத் தெரியும். மார்பில் கட்டி. தெரிந்தும் மூன்று மாதம் மூடி வைத்திருந்தார். கேட்டால், "பழம் பறிச்சு முடியட்டும் கண்ணு, பாத்துக்கலாம்" என்றார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து, வரிசையில் நின்று, பரிசோதனை முடிந்து மேலே போனால் ஒருநாள் கூலி போச்சு. மறுபடி ரிசல்ட் வாங்க ஒருநாள். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு ஓடி வந்திருப்பார்.

2021இல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்து, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சித்திக்கு அது கிடைக்கவில்லை. இப்போது கிடைக்கிறவர்களாவது பாதியாக உடைக்காமல் சாப்பிட வேண்டும், அதை வீட்டில் உள்ள ஆண்கள் கேட்க வேண்டும். "மாத்திரை போட்டியா" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். கர்ப்பத்திலோ, பிரசவமாகி 42 நாளுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால் ஏன் இறந்தாள், எங்கே தாமதமானது என்று கலெக்டர் வரைக்கும் விசாரணை போகிறது. பிரசவச் சாவு இவ்வளவு குறைந்ததற்கு அந்த விசாரணையும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 43ஆம் நாளிலிருந்து அவளைக் கேட்க ஆளில்லை. 60 வயதுக்குள் இறக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அதே மாதிரி ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேட்கட்டும், என்ன மாத்திரை சாப்பிட்டார், கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார், ஏன் நிறுத்தினார் என்று. எங்கள் வீட்டுக்கு அப்படி யாராவது வந்திருந்தால் அந்த அட்டையை எடுத்துக் காட்டியிருப்போம்.