வல்லமையை அவர் ஒதுக்கி வைக்கவில்லை
சீடர்களின் கால்களைக் கழுவியபோது இயேசு தம் தெய்வ வல்லமையைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்தார் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பைபிளில் யோவான் நற்செய்தி 13:3-ஐ ஒருமுறை படித்துப் பாருங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் தந்திருக்கிறார் என்று அறிந்தவராகத்தான் அவர் பந்தியை விட்டு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்க்கிறார். அங்கே யூதாசும் இருந்தான். அவன் எழுந்து வெளியே போவது அதற்குப் பிறகுதான், 30-ஆம் வசனத்தில். காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும், தடுக்க எல்லா அதிகாரமும் இருந்தும், அவன் காலடியில் குனிந்தாரே! கடலை அதட்டி அடக்கியதைவிட எனக்கு இதுதான் பெரிய அற்புதம். பணிவால் உலகில் என்ன மாறியது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பெல்ஜியத்தில் பிறந்த தமியான் அடிகளார் 1873-இல் ஹவாயின் மொலொக்காய் தீவுக்குப் போனார். தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் ஒதுக்கி வைத்த இடம் அது. அவர்களின் புண்களுக்குக் கட்டுப்போட்டார், வீடு கட்டினார், சவப்பெட்டிகூடத் தம் கையாலேயே செய்தார். அதே நோய் தொற்றி 1889-இல் அங்கேயே இறந்தார். கைவிடப்பட்டுக் கிடந்த அந்த மனிதர்களிடம் கேட்டிருந்தால், கடவுளின் வல்லமை எங்கே தெரிந்தது என்று அவர்கள் தயங்காமல் சொல்லியிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.